நிகரானவர் மாறுபடும்போது: கருத்து வேறுபாட்டை எடைபோடும் முறை

முழங்கால் மூட்டை மாற்றியே ஆக வேண்டும் என்கிறார் ஓர் எலும்பு மருத்துவர். அதே எக்ஸ்ரே படத்தைப் பார்த்த, படிப்பிலும் அனுபவத்திலும் அவருக்குச் சற்றும் குறையாத இன்னொருவர், உடற்பயிற்சியும் எடைக் குறைப்பும் இப்போதைக்குப் போதும் என்கிறார். நோயாளியின் குடும்பம் என்ன செய்ய வேண்டும் என்பது ஒரு கேள்வி. இரண்டாமவரின் கருத்து தெரிய வந்தபின் முதல் மருத்துவர் தம் கருத்தை என்ன செய்ய வேண்டும் என்பது அதைவிடக் கடினமான கேள்வி. இத்தகைய இடங்களில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் நடக்கிறது: 'அவருக்கு என்ன தெரியும்' என்று ஒதுக்கிவிடுகிறோம், அல்லது 'அவரவர் கருத்து அவரவருக்கு' என்று சொல்லிப் பிரிந்துவிடுகிறோம். முன்னது ஆணவம் என்பது எல்லோருக்கும் தெரிகிறது. பின்னது பணிவு போலத் தோன்றினாலும் அதே தவற்றைத்தான் செய்கிறது. இரண்டுமே மற்றவரின் மறுப்பை ஒரு சான்றாக ஏற்பதில்லை.

நம்மளவுக்குத் தெரிந்த ஒருவர், நாம் பார்த்த அதே தரவிலிருந்து வேறொரு முடிவுக்கு வந்திருக்கிறார் என்றால், நம் கணிப்பில் எங்கோ பிழை இருக்கக்கூடும் என்ற செய்தி அதில் அடங்கியிருக்கிறது. அச்செய்திக்கு எவ்வளவு எடை தருவது, எந்த வரிசையில் அதை ஆராய்வது என்பதே இந்த வழிகாட்டியின் பொருள். வரிசை முக்கியம். ஒருவருடைய வாதத்தைக் கேட்டு எரிச்சலடைந்த பிறகு அவருடைய தகுதியை மதிப்பிட உட்கார்ந்தால், அந்த மதிப்பீட்டில் எரிச்சலும் கலந்துவிடும்.

உங்கள் விடையை முன்கூட்டியே எண்ணாக எழுதுங்கள்

மற்றவர் சொல்வதைக் கேட்கும் முன்பே, உங்கள் முடிவையும் அதில் உங்களுக்குள்ள உறுதியையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 'ஓரளவு உறுதி', 'பெரும்பாலும்' போன்ற சொற்கள் போதா. நூற்றுக்கு எத்தனை என்று எண் வேண்டும். எண் துல்லியமாக இருக்காது என்பது உண்மைதான். ஆனாலும் எண்ணில்லாமல், வேறுபாடு இருக்கிறதா என்பதையே அறிய முடியாது.

இதற்கு அமெரிக்க உளவுத்துறை வரலாற்றில் பெயர்பெற்ற ஓர் உதாரணம் உண்டு. 1951ஆம் ஆண்டு சோவியத் அணி நாடுகள் யூகோஸ்லாவியாவைத் தாக்குவதற்குக் 'கணிசமான சாத்தியம்' இருக்கிறது என்ற பொருளில் ஓர் அறிக்கை வெளிவந்தது. அதைத் தயாரித்த குழுவை வழிநடத்தியவர்களுள் ஒருவரான ஷெர்மன் கென்ட்டிடம், அச்சொல்லால் எவ்வளவு சாத்தியத்தைக் குறித்தீர்கள் என்று ஓர் அதிகாரி கேட்டார். நூற்றுக்கு 65 என்று கென்ட் சொன்னதும் அந்த அதிகாரி திடுக்கிட்டார். அவர் நினைத்திருந்தது அதைவிட மிகக் குறைவு. கென்ட் பிறகு, அந்த வாசகத்தை ஒருமனதாக ஏற்றிருந்த தம் சக அறிஞர்களிடமே அதைக் கேட்டுப் பார்த்தார். அவர்களுடைய விடைகள் 20 முதல் 80 வரை பரவிக் கிடந்தன. ஒரே வாக்கியத்துக்கு எல்லோரும் உடன்பட்டிருந்தார்கள். கருத்தில் ஒருவரோடொருவர் முற்றிலும் மாறுபட்டிருந்தார்கள். இதன் மறுபக்கமும் அன்றாடம் நடக்கிறது. இருவர் மணிக்கணக்கில் சண்டையிட்ட பிறகு, ஒருவர் மனத்தில் 55ம் மற்றவர் மனத்தில் 45ம் இருந்தது தெரிய வரும். அவ்வளவு சிறிய இடைவெளிக்காக ஒரு மாலைப்பொழுதை இழக்கத் தேவையில்லை.

நிகரா என்பதைத் தகராறுக்கு வெளியே நின்று முடிவுசெய்யுங்கள்

திருமண வீட்டில் மொய் நோட்டை இருவர் தனித்தனியே கூட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் கணக்கில் கெட்டிக்காரர்கள். முன்பு எத்தனையோ விசேஷங்களில் கூட்டியவர்கள். ஒருவர் தவறியதைவிட மற்றவர் அதிகம் தவறியதில்லை. ஒருவருக்கு 1,84,500 ரூபாய் வருகிறது, மற்றவருக்கு 1,85,500. மறுபடி கூட்டிப் பார்க்கும் முன், தம் தொகையே சரி என்று முதலாமவர் எவ்வளவு நம்பலாம்? பாதிக்குப் பாதிக்கு மேல் நம்ப அவருக்குக் காரணம் எதுவும் இல்லை. 'நான் கூட்டியபோது இதுதான் வந்தது' என்பது காரணமாகாது, ஏனெனில் அதே சொற்களை அதே உரிமையோடு மற்றவரும் சொல்லலாம்.

இந்த நிலைப்பாட்டைத் தத்துவத் துறையில் டேவிட் கிறிஸ்டென்சன், ஆடம் எல்கா ஆகியோர் 2007ஆம் ஆண்டளவில் விரிவாக வாதிட்டார்கள். நிகரானவரின் கருத்துக்கு நம் கருத்துக்குச் சமமான எடை தர வேண்டும் என்பது அதன் சாரம். இதில் எல்கா எடுத்துக்காட்டும் ஒரு சிக்கல் நடைமுறைக்கு மிகவும் பயன்படும். வேறுபாடு எழும்போதெல்லாம் நம் பக்கத்துக்குச் சற்றுக் கூடுதல் எடை கொடுத்துக்கொண்டே போனால், நூறு வேறுபாடுகளுக்குப் பின் அவற்றுள் பெரும்பாலானவற்றில் நாமே சரி என்றும், ஆகவே நாமே மேலான நீதிபதி என்றும் முடிவு கட்டிவிடலாம். இடையில் ஒரு விடையைக்கூடச் சரிபார்த்திருக்க மாட்டோம். 'என்னோடு மாறுபடுகிறார், ஆகவே அவருக்கு விவரம் போதாது' என்ற பேச்சு இந்தச் சுழலின் சுருக்கம்தான்.

ஆகவே எதிரிலிருப்பவரின் தகுதியை மதிப்பிடும்போது, சர்ச்சைக்குரிய அந்த ஒரு விடையை மறைத்து வைத்துவிட்டு மற்றவற்றைப் பாருங்கள். இதுபோன்ற கேள்விகளில் இதுவரை எத்தனை முறை சரியாகச் சொல்லியிருக்கிறார்? நீங்கள் பார்த்த ஆவணங்கள் எல்லாவற்றையும் பார்த்தாரா, நீங்கள் பார்க்காத எதையாவது பார்த்தாரா? எவ்வளவு நேரம் செலவிட்டார்? இந்த விடையால் அவருக்கு வருமானமோ கௌரவமோ கிடைக்கிறதா? இதே கேள்விகளை உங்களை நோக்கியும் கேட்டு, அவற்றின் விடையையும் எழுதிக்கொள்ள வேண்டும். அறுவை சிகிச்சை செய்பவருக்கு அறுவை சிகிச்சையின்பால் ஒரு சாய்வு இருக்கலாம் என்பது எல்லோருக்கும் தோன்றும். உடற்பயிற்சி மையம் நடத்துபவருக்கும் சாய்வு இருக்கலாம் என்பது எல்லோருக்கும் தோன்றுவதில்லை.

சில நேரங்களில் விடையே தகுதியைப் பற்றிச் சொல்லிவிடும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மொய் நோட்டைக் கூட்டியவர் 18 லட்சம் என்றால், நோட்டிலுள்ள மிகப் பெரிய தொகையை எல்லா வரிகளிலும் போட்டுப் பெருக்கினாலும் அவ்வளவு வராது என்றால், அவர் ஒரு சுழியம் கூடுதலாகப் போட்டுவிட்டார் என்று கொள்வதே பொருத்தம். அப்போதும் அவரை விலக்குவதற்கான காரணம் 'என் விடையோடு பொருந்தவில்லை' என்பதாக இருக்கக் கூடாது. இருவரும் ஏற்கும் ஒரு பொது அறிவுச் சோதனையில் அந்த விடை தோற்கிறது என்பதாக இருக்க வேண்டும்.

பிரியும் இடத்தைத் தேடுங்கள்

கணிதப் பொருளியல் அறிஞர் ராபர்ட் ஆமன் 1976இல் நிறுவிய ஒரு தேற்றம், இந்தத் தேடலில் எங்கே பார்ப்பது என்று காட்டுகிறது. ஒரே தொடக்க நம்பிக்கைகளைக் கொண்ட, பிழையின்றிப் பகுத்தறியும் இருவர், ஒருவருடைய நிகழ்தகவு மதிப்பீடு மற்றவருக்குத் தெரியும் என்பதும், அது தெரியும் என்பது தெரியும் என்பதும் முடிவின்றி இருவருக்கும் பொதுவாக இருக்குமானால், வெவ்வேறு மதிப்பீடுகளோடு நிற்க முடியாது என்கிறது அத்தேற்றம். மனிதர் எவரும் அவ்வளவு சீராகச் சிந்திப்பதில்லை. ஆயினும் தேற்றத்தைத் தலைகீழாகப் படித்தால் ஒரு தேடல் பட்டியல் கிடைக்கிறது: பேசித் தீர்த்தபின்பும் வேறுபாடு நிலைத்தால், ஒருவரிடம் இன்னும் பகிரப்படாத தகவல் இருக்க வேண்டும், அல்லது தொடக்க நம்பிக்கைகள் வேறாக இருக்க வேண்டும், அல்லது பகுத்தறிதலில் எங்கோ பிழை இருக்க வேண்டும், அல்லது ஒருவர் மற்றவரின் நேர்மையை உள்ளூர ஐயுற வேண்டும்.

இவற்றோடு விழுமிய வேறுபாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் தொற்று வரும் வாய்ப்பை இரு மருத்துவர்களும் ஒரே எண்ணாகவே மதிப்பிட்டிருக்கலாம்; அந்த ஆபத்தைவிட ஓராண்டு வலி பெரிது என்று ஒருவரும், சிறிது என்று மற்றவரும் கருதியிருக்கலாம். அங்கே இருவரும் தத்தம் எண்களை நகர்த்த ஒன்றும் இல்லை. வலியைத் தாங்கப்போகிறவரிடம் கேட்பதே வழி.

உண்மையைப் பற்றிய வேறுபாடாக இருந்தால், எந்தச் சோதனை தீர்க்கும் என்பதில் முதலில் உடன்படுங்கள். இதைச் செய்து காட்டிய நிகழ்வுகளுள் எனக்கு மிகவும் பிடித்தது பணமும் மகிழ்ச்சியும் பற்றியது. நோபல் பரிசு பெற்ற உளவியலாளர் டேனியல் கானமனும் பொருளியலாளர் ஆங்கஸ் டீட்டனும் 2010இல், அமெரிக்கர்களிடம் திரட்டப்பட்ட 4,50,000க்கும் மேற்பட்ட பதில்களை ஆராய்ந்து, ஆண்டு வருமானம் சுமார் 75,000 டாலரைத் தாண்டிய பிறகு அன்றாட மனநலம் மேலும் உயர்வதில்லை என்று வெளியிட்டார்கள். 2021இல் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், பணியிலிருக்கும் 33,000க்கும் மேற்பட்டவர்களிடம் கைபேசி வழியே அவ்வப்போது 'இப்போது எப்படி உணர்கிறீர்கள்' என்று கேட்டுத் திரட்டிய தரவில் அப்படி எந்தச் சமதளமும் இல்லை, மகிழ்ச்சி உயர்ந்துகொண்டே போகிறது என்று காட்டினார். இரு தரப்பினரும் தேர்ந்தவர்கள், இரண்டு தரவுகளும் பெரியவை.

கானமனும் கில்லிங்ஸ்வொர்த்தும் மாறி மாறி மறுப்பு எழுதிக்கொள்வதை விட்டுவிட்டு, பார்பரா மெல்லர்ஸ் என்ற உளவியலாளரை நடுவராக வைத்துக்கொண்டு சேர்ந்து ஆராய்ந்தார்கள். 2023இல் வெளிவந்த விடை இருவரையும் திருத்தியது. பழைய ஆய்வின் கேள்விகள் 'ஆம், இல்லை' வகையைச் சேர்ந்தவை. மிகப் பெரும்பாலோர் மகிழ்ச்சியாக இருந்ததாகவே சொன்னதால், மகிழ்ச்சியானவர்களுக்குள் இருந்த ஏற்றத்தாழ்வை அக்கேள்விகளால் பிரித்துக் காட்ட முடியவில்லை; அவை உண்மையில் அளந்தது துயரத்தின் அளவை. கில்லிங்ஸ்வொர்த்தின் தரவையே பிரித்துப் பார்த்தபோது, மகிழ்ச்சி மிகக் குறைந்த ஐந்தில் ஒரு பங்கினரிடம் மட்டும் சுமார் 1,00,000 டாலர் வரை உயர்வும் அதன் பின் சமதளமும் இருந்தன. மற்றவர்களிடம் உயர்வு தொடர்ந்தது. இங்கே எண்களைப் பாதியாக்கி, 'ஓரளவு சமதளம் உண்டு' என்று சமரசம் செய்திருந்தால், இருவரிடமும் இல்லாத ஒரு பிழை புதிதாகப் பிறந்திருக்கும்.

நீங்கள் பின்பற்ற வேண்டிய நடைமுறையும் இதிலிருந்தே கிடைக்கிறது. எதிர்வாதத்தை, அதைச் சொன்னவரே 'ஆம், நான் சொல்வது இதுதான்' என்று ஒப்பும்படி உங்கள் சொற்களில் எடுத்துரையுங்கள். எந்தப் படி வரை இருவரும் சேர்ந்து வருகிறீர்கள் என்பதைக் குறியுங்கள். அடுத்த படியில் எந்த விவரம் தெரிந்தால் உங்கள் எண் மாறும் என்று இருவரும் தனித்தனியே எழுதுங்கள். எதுவும் மாற்றாது என்று ஒருவர் எழுதினால், அங்கே ஆய்வு முடிந்துவிட்டது. பேச்சைத் தொடர்வது நட்புக்காக மட்டுமே.

எவ்வளவு நகர்வது

சோதனை செய்ய வாய்ப்பில்லாதபோது, நீங்கள் 80 என்றும் நிகரானவர் 40 என்றும் மதிப்பிட்டிருந்தால், 60க்கு அருகில் வருவது நல்ல தொடக்கம். ஆனால் சராசரி எடுப்பதே விதி என்று கொள்ளக் கூடாது. இருவரும் வெவ்வேறு சான்றுகளிலிருந்து, ஒருவர் பாதிப்பு மற்றவருக்கு இல்லாமல், 70 என்ற ஒரே எண்ணுக்கு வந்திருக்கிறார்கள் என்று கொள்வோம். சராசரி 70தான். ஆனால் தொடக்கத்தில் இருவரும் 50இல் இருந்திருந்தால், அந்த இரண்டு தனிச் சான்றுகளும் சேர்ந்து ஏறத்தாழ 84ஐத் தர வேண்டும். அதே இருவரும் ஒரே அறிக்கையைப் படித்து 70க்கு வந்திருந்தால் 70க்கு மேல் போகக் காரணம் இல்லை. எத்தனை பேர் சொன்னார்கள் என்பதற்கு முன், அவர்களுக்குள் எத்தனை தனி ஊற்றுகள் என்று கேட்க வேண்டும். ஒரே ஊற்றிலிருந்து வந்த நூறு குரல்கள் ஒரு குரலாகவே எண்ணப்படும்.

சமமான எடை தர வேண்டும் என்ற கொள்கையைத் தத்துவ அறிஞர் தாமஸ் கெல்லி போன்றோர் மறுக்கிறார்கள். சான்றிலிருந்து ஒருவர் சரியாகவே முடிவு கண்டிருக்க, மற்றவர் தவறியிருக்க, இருவரும் ஒரே அளவு நகர வேண்டும் என்பது சான்றையே தூக்கி எறிவதாகும் என்பது அவர்களுடைய வாதம். இதில் உண்மை உண்டு; தவறியது யார் என்று உள்ளிருந்து தெரிவதில்லை என்பதுதான் இடர்ப்பாடு. என் மதிப்பில், வாதத்தின் ஒவ்வொரு படியையும் மீண்டும் சரிபார்த்து, எதிர்வாதத்தின் பிழையான படியைச் சுட்டிக்காட்ட முடிந்தவர்களுக்கே கெல்லியின் சலுகை செல்லும்.

எப்போது நிலைத்து நிற்கலாம்

வானியற்பியலாளர்கள் சந்திரசேகரும் எடிங்டனும் மோதிய வரலாறு இதற்குப் பொருத்தமானது. 1930இல் சென்னை மாநிலக் கல்லூரியில் படிப்பை முடித்துவிட்டு இங்கிலாந்துக்குக் கப்பலில் போன சுப்பிரமணியன் சந்திரசேகர், வெண் குறுமீன்களின் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்களின்) நிறைக்கு ஒரு வரம்பு உண்டு என்று கணக்கிட்டார். இன்று அது சூரியனின் நிறையைப் போல் சுமார் 1.4 மடங்கு எனப்படுகிறது. 1935 ஜனவரி 11 அன்று இலண்டனில் ராயல் வானியல் கழகத்தின் கூட்டத்தில் அவர் இதை விரிவாக எடுத்துரைத்ததும், ஆர்தர் எடிங்டன் எழுந்து அதை எள்ளி மறுத்தார். வரம்பைத் தாண்டிய விண்மீன் சுருங்கிக்கொண்டே போய், ஒளியும் வெளியேற முடியாத நிலையை அடைய வேண்டும் என்பதை எடிங்டன் தெளிவாகவே கண்டார். அப்படி நடக்க இயற்கை விடாது என்று கருதி, அந்த முடிவுக்கு இட்டுச் சென்ற சூத்திரத்தையே தவறு என்றார்.

விண்மீன்களின் உள்ளமைப்பில் அன்று எடிங்டனுக்கு மேல் ஒருவர் இல்லை. 24 வயது இளைஞர் பொதுவான தகுதியை மட்டும் பார்த்திருந்தால் பணிந்திருக்க வேண்டும். ஆனால் சர்ச்சை விண்மீனைப் பற்றியதன்று. சார்பியலையும் குவாண்டம் புள்ளியியலையும் இணைத்த ஒரு சூத்திரத்தைப் பற்றியது. அந்தப் படியில் யார் தேர்ந்தவர் என்பது வேறு கேள்வி. சந்திரசேகர் அதைச் சரியாகப் பிரித்தறிந்து, கோபன்ஹேகனில் இருந்த இயற்பியலாளர் ரோசன்ஃபெல்டுக்கும் அவர் வழியே நீல்ஸ் போருக்கும், பின்னர் பவுலிக்கும் கேள்வியைக் கொண்டுசென்றார். எடிங்டனின் மறுப்பில் பொருளில்லை என்றே அவர்கள் கருதினார்கள். வேறு ஊற்றுகளும் இருந்தன: இங்கிலாந்தின் எட்மண்ட் ஸ்டோனரும் சோவியத் ஒன்றியத்தின் லாந்தாவும் தத்தம் வழியில் இதுபோன்ற வரம்புக்கு வந்திருந்தார்கள்.

இதன் மறுபக்கத்தில் எச்சரிக்கையும் இருக்கிறது. வானியலாளர்களுள் பலர் எடிங்டன் பக்கம் நின்றது, சூத்திரத்தைத் தாமே ஆராய்ந்து அன்று, அவரை நம்பி. அது ஒரே குரலின் எதிரொலி. போரும் பவுலியும் தாம் அறிந்ததைப் பொதுவில் சொல்ல முன்வரவில்லை. ஆகவே வெளியிலிருந்து பார்த்தவருக்குச் சந்திரசேகர் தனித்து நிற்பதாகத் தோன்றியது. 1942இல்தான் டிராக், பையர்ல்ஸ், பிரைஸ் ஆகிய இயற்பியலாளர் மூவரும் எடிங்டனின் கருத்துக்கு அச்சில் மறுப்பு எழுதினார்கள். கூட்டத்தில் எழும் கைகளையும் எழாத கைகளையும் மட்டும் எண்ணுகிறவர் இத்தகைய நிலைமையில் தவறாகவே எண்ணுவார். தேர்ந்தவர்களைத் தனியே அழைத்துக் கேட்பதே பயன்தரும்.

நிலைத்து நிற்பது தகுமா என்று அறிய, சர்ச்சைக்குரிய படியை உங்களால் சுட்ட முடிகிறதா, அந்தப் படியில் தேர்ந்த, உங்களுக்குக் கடமைப்படாத ஒருவரிடம் கேட்டீர்களா, எதிர்த்தரப்பின் மறுப்பு முடிவின்மேல் உள்ள வெறுப்பிலிருந்து பின்னோக்கி வந்ததா என்று பாருங்கள். கடைசிக் கேள்வியை மட்டும் வைத்துத் தீர்ப்பளிக்க வேண்டாம். முடிவு அபத்தம் என்பதிலிருந்து முற்கோளைச் சந்தேகிப்பது பல நேரங்களில் நல்ல தருக்கமே.

கருத்தையும் செயலையும் பிரித்து வையுங்கள்

நம்பிக்கை 60இலேயே நின்றுவிட்டாலும் நாளை ஏதேனும் செய்தாக வேண்டும். அங்கே எது சரி என்ற கேள்வியோடு, எதைத் திரும்பப் பெற முடியும் என்ற கேள்வியும் சேர்கிறது. அறுவை சிகிச்சையே சரி என்று 60 அளவுக்கு நம்பினாலும், காத்திருப்பதால் மூட்டுக்குக் கேடில்லை என்றால், மூன்று மாத உடற்பயிற்சியை முதலில் முயல்வது முரண்பாடாகாது. பயிற்சியை நிறுத்திவிடலாம், வெட்டிய எலும்பை ஒட்ட வைக்க முடியாது.

நீதிமன்றங்கள் இதற்கு முன்கூட்டியே விதி செய்து வைத்திருக்கின்றன. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின்படி, மேல்முறையீட்டில் கீழ்நீதிமன்றத் தீர்ப்பாணையை மாற்றப் பெரும்பான்மை இல்லையென்றால் அது உறுதிசெய்யப்படும். சட்டக் கேள்வியில் மாறுபட்டால் அதை வேறு நீதிபதிகளிடம் அனுப்பலாம். 2018 ஜூன் 14 அன்று 18 சட்டமன்ற உறுப்பினர்களின் தகுதிநீக்க வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்டபோது, வழக்கு மூன்றாவது நீதிபதியிடம் சென்று அக்டோபர் 25 அன்று தீர்ந்தது. உங்கள் அலுவலகத்திலோ குடும்பத்திலோ, சமமாகப் பிரிந்தால் எது நிலைக்கும் என்பதைச் சண்டை தொடங்கும் முன்பே முடிவுசெய்து வைப்பது நல்லது. தொடங்கிய பின், தமக்குச் சாதகமான விதியையே ஒவ்வொருவரும் முன்மொழிவார்.

மூன்றாம் நபரைக் கேட்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. நீதிமன்றத்தின் மூன்றாம் நீதிபதி முந்தைய இரு தீர்ப்புகளையும் படிக்கிறார். அங்கே காரணங்களுக்குக் காரணங்களால் விடை சொல்ல வேண்டியிருப்பதால் அது பொருத்தம். எக்ஸ்ரே படத்தைப் பார்க்கும் மூன்றாம் மருத்துவரிடம், முன்பு யார் என்ன சொன்னார் என்பதை முதலிலேயே சொல்லிவிடக் கூடாது. அவருடைய விடையைப் பெற்ற பிறகு சொல்லுங்கள். இல்லாவிட்டால் கிடைப்பது மூன்றாவது கருத்தாக இராது, முதலிரண்டில் ஒன்றன் நிழலாக இருக்கும்.

கடைசியாக, இருவரின் எண்களையும் தேதியிட்டுக் குறித்து வைத்து, விளைவு தெரிந்ததும் ஒப்பிடுங்கள். ஒரு விளைவு அதிகம் சொல்லிவிடாது: 60 என்றவர் நூற்றுக்கு நாற்பது முறை தவறுவது அவருடைய எண்ணுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. இருபது முப்பது குறிப்புகள் சேர்ந்த பின்தான், யார் எந்த வகைக் கேள்வியில் உங்களுக்கு நிகர், எதில் மேல் என்பது தெரியத் தொடங்கும். கானமனும் இன்னோர் உளவியலாளரான கேரி கிளைனும் 2009இல் சேர்ந்து எழுதியதுபோல, ஒழுங்குள்ள சூழலும் விளைவைக் கண்டு திருத்திக்கொள்ளும் வாய்ப்பும் இருக்கும் துறைகளிலேயே அனுபவத்தின் உள்ளுணர்வு நம்பத்தக்கதாகிறது. பத்தாண்டுக்குப் பிந்தைய அரசியலைக் கணிப்பது போன்ற துறைகளில் அந்த வாய்ப்பு அரிது. அங்கே இருவர் நிகரா என்பதையே சரிபார்க்க வழியில்லை. ஆகவே அங்கே எவ்வளவு உறுதியாகப் பேசப்பட்டாலும், உங்கள் எண்ணையும் அவருடைய எண்ணையும் கடந்த காலத்தில் அத்தகைய நிகழ்வு எவ்வளவு அடிக்கடி நடந்தது என்ற விகிதத்தை நோக்கி இழுத்து வையுங்கள்.